பச்சை வந்த பிள்ளை

அந்த மையத்துக்கு மனுவோடு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே காரியத்துக்காகத்தான் வருவார்கள். "எப்படியாவது பச்சைன்னு மாத்திக் குடுங்க மேடம்." அங்கே வேலை பார்க்கிற கோகிலவாணி இதை அழுகையாகக் கேட்டிருக்கிறாள், அதட்டலாகக் கேட்டிருக்கிறாள், ஒருமுறை எம்.எல்.ஏ.வின் மைத்துனர் வாயாலும் கேட்டிருக்கிறாள். அதனால் தைப்பூசம் முடிந்த மறுவாரம் ஒருவர் வந்து நின்று, "எம்புள்ளைக்குப் பச்சை வந்துருச்சுங்க. ஆரஞ்சுன்னு மாத்திக் குடுக்கோணுமுங்க" என்றபோது, கோளாறு தன் காதில்தான் என்று நினைத்தாள்.

"சரியாச் சொல்லுங்ணா. ஆரஞ்சை எடுத்துட்டுப் பச்சையாக்கணுமா?"

"இல்லீங்க. பச்சையை எடுத்துட்டு ஆரஞ்சு."

இது நடந்தது இரண்டாயிரத்து நாற்பத்தொன்றில், பொள்ளாச்சிக்குத் தெற்கே தென்னஞ்சேரியில். அப்போது மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்ட எந்தப் பிள்ளையும் தொப்பிக்குத் தப்ப முடியாது. தொப்பிக்குள் முப்பத்திரண்டு சின்ன வட்டுகள் இருக்கும். அவை தலைத்தோலைத் தொட்டுக்கொண்டு பத்து நிமிஷம் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும். அந்தப் பதிவை 'கவனி' என்ற செயற்கை நுண்ணறிவு படித்துப் பார்த்து, ஏடிஎச்டி என்கிற கவனக் குறைபாடு இருந்தால் ஆரஞ்சு விளக்கு, இல்லையென்றால் பச்சை விளக்கு போடும். ஆரஞ்சு வந்த பிள்ளைக்குத் தனியாக ஓர் ஆசிரியை, பரீட்சையில் கூடுதல் நேரம், டாக்டர் சொன்னால் மாத்திரை. பச்சை வந்த பிள்ளைக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம்.

நல்ல எண்ணத்தில் வந்த திட்டம்தான். அதற்கு முன்னால் கோயம்புத்தூர் டாக்டரைப் பார்க்க ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். பார்த்தாலும் ஒரு டாக்டர் உண்டு என்பார், இன்னொருவர் இல்லை என்பார். மிஷினுக்கு அந்தக் குழப்பம் கிடையாது. அதனால் மிஷின் சொல்வதே கடைசி, டீச்சரோ டாக்டரோ பெற்றவரோ குறுக்கே பேசக் கூடாது என்று ஒரு விதியும் போட்டுவிட்டார்கள். ஊர் ஜனங்களுக்கு ஆரஞ்சு என்றால் போதும், நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரைக்கும் போய் யோசிப்பார்கள்.

வந்தவர் பெயர் திருமூர்த்தி, கயிறு மில்லில் மெக்கானிக். மனைவி மஸ்கட்டில் நர்ஸ். எட்டு வயது மகளைக் குளிப்பாட்டி, சடை போட்டு, பள்ளிக்கு அனுப்புவதெல்லாம் அவர்தான். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஓடிய வயர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதை வெச்சுங்ணா ஆரஞ்சுங்கறீங்க?"

"நாந்தானுங்க தெனமும் பாக்கறேன். பேஸ்ட்டைக் கையில புடிச்சான்னா பிரஷ்ஷை மறந்துட்டு நின்னுட்டே இருப்பா. ஒத்தைக் கால்ல ஷூ போட்டுட்டு இன்னொரு காலை மறந்துருவா. நோட்டுல மொத வரி இருக்கும், மூணாவது வரி இருக்கும், ரெண்டாவது எங்க போச்சுன்னு அவளுக்கே தெரியாதுங்க. ஓடறதில்லை, ஆடறதில்லை, ஒருத்தரை அடிக்கறதில்லை. அதனால யாரு கண்ணுக்கும் தெரியறதில்லீங்க."

"டீச்சர் என்ன சொல்றாங்க?"

"எஸ்தர் டீச்சர் முன்னெல்லாம் பொறுத்துப் போனாங்க. பச்சை வந்ததுல இருந்து, 'மூளை நல்லாத்தான இருக்குது, அப்ப இது கொழுப்பு'ன்னுட்டாங்க. அதுகூடப் பரவால்லீங்க." அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "போன வாரம் இவளே கேக்கறா. 'மிஷினு நான் நல்லா இருக்கறேன்னு சொல்லிருச்சே, அப்ப நான் வேணும்னுட்டே தப்புப் பண்றனாப்பா?'ன்னு."

கோகிலவாணி குனிந்து பிள்ளையைப் பார்த்தாள். ஆரஞ்சு வந்த பிள்ளைகள் அழுவதை அவள் பார்த்திருக்கிறாள். பச்சை ஒரு பிள்ளையை இப்படிக் கேட்க வைக்கும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"உம் பேரென்ன கண்ணு?"

பதில் வரவில்லை. திருமூர்த்தி எடுத்துக் கொடுக்கவும் இல்லை. கோகிலவாணி மனுவைப் பார்த்துக் கணினியில் பிள்ளையின் பதிவைத் தேடி எடுத்தாள். சந்தேகத்துக்கே இடமில்லாத பச்சை. மேல்முறையீட்டுப் படிவத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து, "ஆதினி" என்று பிள்ளையின் குரல் கேட்டது.

பதினோராயிரம் தலைக்குத் தொப்பி மாட்டிய கை அவளுடையது. மிஷின் ஆயிரம் சொல்லட்டும், இந்தப் பிள்ளை பச்சை இல்லை என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் அவளுக்குத் தெரிந்து என்ன பிரயோஜனம், விதி வேறு அல்லவா?

"மேல்முறையீடு ஒரே ஒரு தடவைதாங்ணா. மறுபடியும் பச்சை வந்தா ஃபைலை மூடிருவாங்க. ஒன்பதாவது போனதுக்கு அப்புறம்தான் திரும்பத் தொறப்பாங்க. அது வரைக்கும் ஒரு உதவியும் கேக்க முடியாது."

"ஆறு வருசம்" என்றார் திருமூர்த்தி. விரல் விட்டு எண்ணவில்லை, ஏற்கெனவே எண்ணிப் பார்த்திருக்கிறார். "வெச்சுப் பாத்தர்லாமுங்க."

அடுத்த வாரம் புதன்கிழமைக்கு நாள் குறித்துக் கொடுத்தாள்.

அந்த வாரம் திங்களும் செவ்வாயும் ஆரஞ்சாக வந்து விழுந்தன. அழுகிற தாய்மார்களைச் சமாளிப்பதற்கே பொழுது போய்விட்டது. "பழனிக்குப் போயி மொட்டை போட்டுக் கூட்டிட்டு வந்த புள்ளைக்கு இப்படியா வரோணும்" என்று ஒரு தாய் மையத்து வாசலிலேயே முருகனிடம் சண்டைக்கு நின்றாள். அதைக் கேட்டு உள்ளே வேலை செய்கிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தைப்பூசம் கழிந்தால் ஆரஞ்சு கூடும் என்பது அங்கே வருஷா வருஷம் ஒரு கேலி. எண்ணிக்கை என்றால் ஏறும் இறங்கும் என்று கோகிலவாணியும் விட்டுவிட்டாள்.

புதன்கிழமை காலையில் திருமூர்த்தி மகளைக் கல்யாணத்துக்குக் கூட்டிப் போவது போலக் கூட்டி வந்தார். இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன், நெற்றி வரை வழிகிற தேங்காய் எண்ணெய்.

"வீட்டுத் தேங்காயிங்க, செக்குல ஆட்டுனது" என்றார் பெருமையாக.

தலைக்குக் குளித்து எண்ணெய் வைக்காமல் வர வேண்டும் என்று படிவத்தின் பின்பக்கம் அச்சடித்துத்தான் இருந்தது. யார் படிக்கிறார்கள்? படித்தாலும், முக்கியமான இடத்துக்குப் பிள்ளையைப் பரட்டைத் தலையோடு அனுப்ப எந்த வீட்டில் மனசு வரும்? பள்ளிக்கூடத்திலும் எண்ணெய் வைக்காமல் வந்தால் வெளியே நிறுத்திவிடுவார்கள். தொப்பி மாட்டுகிறவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். ஸ்பிரிட் பஞ்சால் நாலு துடைப்பு, மேலே கொஞ்சம் கூடுதலாக ஜெல், வேலை முடிந்தது. 'தொடர்பு நன்றாக உள்ளதா?' என்று கணினி கேட்கும். ஆமாம் என்று ஒரு டிக். இல்லை என்று போட்டால் பிள்ளையைத் திருப்பி அனுப்ப வேண்டும், ஒரு நாளைக்கு நாற்பது பிள்ளை முடிக்க வேண்டிய இடத்தில் அதெல்லாம் நடக்கிற காரியமா?

கோகிலவாணி வழக்கம்போல ஆதினியின் தலையில் விரலை வைத்தாள். விரல் வழுக்கியது. அப்போதுதான் திங்கட்கிழமைத் தலைகள் நினைவுக்கு வந்தன. வழுக்காத தலைகள். ஆறு பிள்ளைகள், ஆறும் மொட்டை, ஆறும் ஆரஞ்சு.

அவள் கையை எடுத்துவிட்டாள்.

"என்னாச்சுங்க?"

"இவளுக்கு இன்னும் ஆரம்பிக்கலை. பாப்பா அந்தப் பக்கம் விளையாடட்டும். நீங்க வந்து இந்தச் சேர்ல உக்காருங்ணா."

"நானுங்களா?"

பயிற்சிக்கென்று கணினியில் தனியாக ஒரு வழி இருந்தது. அதில் பதிவானால் எந்தக் கணக்கிலும் சேராது. பெயர் திருமூர்த்தி, வயது எட்டு என்று போட்டாள். "மனசுல ஓடறதெல்லாம் இதுல தெரிஞ்சுருமுங்களா?" என்று கேட்டு, இல்லை என்று தெரிந்த பிறகுதான் அவர் கண்ணை மூடினார். அவர் தலையிலும் அதே செக்கெண்ணெய். பத்து நிமிஷத்தில் பச்சை வந்தது.

எதிர்க் கடையில் ஷாம்பு பாக்கெட் வாங்கி வரச் சொல்லி, பின்பக்கக் குழாயடியில் தலையைக் கழுவிவரச் சொன்னாள். என்ன ஏது என்று கேட்காமல் மனிதர் போய் நுரைக்க நுரைக்கத் தேய்த்துக்கொண்டு வந்தார். மறுபடியும் தொப்பி. இந்த முறை ஆரஞ்சு.

"அய்யோ, எனக்கும் இருக்குதுங்களா?"

"இருங்ணா." அவளும் அன்றைக்குக் காலையில் தலைக்குக் குளித்திருந்தாள். தொப்பியைத் தானே மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அதற்கும் ஆரஞ்சு.

தொப்பியைக் கழற்றி வைத்தாள். பக்கத்து அறைக்குப் போய்ச் சென்னைக்குப் போன் போட்டாள். 'கவனி'யை உருவாக்கிய ரகோத்தமன் அங்கேதான் இருந்தார். ஐந்து வருஷத்துக்கு முன்னால், மிஷினைப் பழக்குவதற்கான பதிவுகளை எடுக்க அவளை வேலைக்கு வைத்ததும் அவர்தான்.

"சார், மிஷினுக்குப் படிப்பு சொல்லிக் குடுத்தப்போ, நோய் இருக்கற புள்ளைங்க பதிவெல்லாம் எங்க எடுத்தது?"

"ஆஸ்பத்திரில. அப்பாயின்ட்மென்ட் கொடுத்து வர வெச்சோமே."

"தலைக்குக் குளிச்சுட்டு வரச் சொன்னமா?"

"சொன்னோம். முந்தின நாள் போன் பண்ணிக்கூட ஞாபகப்படுத்தினோம். ஏம்மா?"

"நோய் இல்லாத புள்ளைங்க?"

"ஸ்கூல் ஸ்கூலாப் போய் எடுத்தது. நீங்கதானே போனீங்க. தொடர்பு எல்லாம் நன்றுன்னு..."

"அத்தனையும் எண்ணெத் தலை சார். ஒரு புள்ளையைக்கூடத் திருப்பி அனுப்பலை. டிக் போட்டது நாந்தான்."

பிறகு ரகோத்தமன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலப் பேசினார். "நோய் எப்படி இருக்கும்னு நாம மிஷினுக்குக் காட்டறதில்லை கோகிலா. ரெண்டு கூடையைக் குடுத்து, வித்தியாசத்தை நீயே கண்டுபிடின்னு விட்டுடறோம். அது எது சுலபமோ அதைப் பிடிச்சுக்கும். எண்ணெய் இருந்தா பதிவுல மெலிசா ஒரு இரைச்சல் ஏறும். இரைச்சல் இருந்தா பச்சை, இல்லேன்னா ஆரஞ்சு. இவ்வளவுதான் அது படிச்ச படிப்பு. தொண்ணூத்தாறு சதவீதம் துல்லியம்னு மேடை மேடையாச் சொன்னேனே."

"துல்லியம்தான் சார். எண்ணெயைக் கண்டுபிடிக்கறதுல."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ரிப்போர்ட் எழுதினா முதல் பேர் உங்க பேராத்தான் இருக்கும். யோசிச்சு எழுதுங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

கோகிலவாணி திரும்பி வந்து திருமூர்த்தியிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். அவர் மெக்கானிக் அல்லவா, சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"அப்ப இவ தலையை அலசிட்டு வந்தா ஆரஞ்சு வந்துருமுங்க."

"வந்துரும்."

"அது செல்லுமுங்களா?"

"இன்னைக்குச் செல்லும். நான் ரிப்போர்ட் எழுதிட்டா, மிஷின் சொன்னது எதுவுமே செல்லாமப் போகலாம். எழுதலைன்னா எப்பவும் செல்லும்." அவளுக்கே தன் குரல் அந்நியமாக இருந்தது. எழுதாமல் இருந்தால் வேலைக்கும் பங்கமில்லை, பிள்ளைக்கும் உதவி கிடைக்கும். இந்தப் பிள்ளைக்கு வர வேண்டியது ஆரஞ்சுதானே, இதில் பொய் எங்கே இருக்கிறது என்றுகூட அவள் மனசு வக்காலத்து வாங்கியது.

திருமூர்த்தி மகளைக் குழாயடிக்குக் கூட்டிப் போனார். ஒரு சடையின் ரிப்பனை அவிழ்த்தார். மீதியிருந்த ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கடிக்கப் போனவர், கூடவே வந்த கோகிலவாணியைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்த வாரம் மொட்டைப் பசங்க ஆறு பேருன்னீங்களே. அதுங்க மாத்திரை முழுங்குதுங்களா?"

"நாலு பேருக்கு அன்னைக்கே எழுதியாச்சுங்ணா. சோறு எறங்க மாட்டேங்குதுன்னு இன்னைக்குக் காலையில ஒரு அம்மா வந்து சொன்னாங்க."

"இவளாட்டம் எண்ணெ வெச்சுட்டு வந்து, பச்சை வாங்கிட்டுத் திட்டு வாங்கற புள்ளைங்க?"

"எத்தனைன்னு தெரியலைங்ணா. மாநிலம் பூரா இருக்கும்."

அவர் பாக்கெட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவிழ்த்த ரிப்பனைத் திரும்பக் கட்டினார். நிதானமாக, இரண்டு பக்கமும் ஒரே அளவு வரும்படி கட்டினார். "நீங்க எழுதுங்க" என்றார். "எம்புள்ளைக்கு நானிருக்கறேன். கொஞ்சம் தள்ளிப் போனாலும் போகட்டும்."

கோகிலவாணி அன்றைக்கே எழுதினாள். முதல் வரியிலேயே தன் பெயரையும் தன் டிக்கையும் எழுதினாள். சீட்டுக் கிழியும் என்று எதிர்பார்த்து, சாப்பாட்டுக் கூடையைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள். விசாரணைக்கு வந்தவர்கள் மற்ற மையங்களிலும் கேட்டார்கள். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை, ஒருவர் திறந்ததும் முப்பத்தெட்டு மையமும் திறந்துவிட்டன. ஊருக்கு ஊர் அதே எண்ணெய், அதே டிக். எல்லாரையும் எப்படி வீட்டுக்கு அனுப்புவது? அவளுக்கு ஒரு மெமோவோடு போயிற்று. மொட்டைப் பிள்ளைகளின் மாத்திரைகளை நிறுத்தினார்கள். புதிய மிஷின் வரும்வரை யாரும் எந்த முடிவும் சொல்லக் கூடாது என்று உத்தரவு வந்தது.

ஆதினிக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. மாதம் பிறந்தால் திருமூர்த்தி வந்து, "வந்துருச்சுங்களா?" என்பார். "இன்னும் இல்லீங்ணா" என்பாள் இவள். ஒரு டீ குடித்துவிட்டுப் போவார். இவளுக்குத்தான் அன்றைக்கு முழுக்க வேலை ஓடாது.

ஒரு காரியம் மட்டும் நடந்தது. பச்சையே பொய்யாகிவிட்ட பிறகு, கொழுப்பு என்று சொல்ல எஸ்தர் டீச்சருக்கு ஆதாரம் இல்லாமல் போய்விட்டது. வேறு வழியில்லாமல் அவர் பிள்ளையைப் பார்க்க ஆரம்பித்தார். பார்த்ததை ஒரு நோட்டில் எழுதியும் வைத்தார்.

புதிய 'கவனி' ஆடி மாதம் வந்தது. இந்த முறை மையத்திலேயே தலையை அலசிவிட்டுத்தான் தொப்பி. ஆதினியின் மேல்முறையீடுதான் முதல் பதிவு. திருமூர்த்தியும் எஸ்தர் டீச்சரும் சுவரோடு சுவராக நின்றார்கள். பத்து நிமிஷம் முடிந்தது. பச்சையும் எரியவில்லை, ஆரஞ்சும் எரியவில்லை. திரையில் இரண்டே வரி வந்தது.

'என்னால் சொல்ல இயலவில்லை. குழந்தையை அறிந்தவர்களைக் கேட்கவும்.'

கோகிலவாணி பதறிப்போய் ரகோத்தமனுக்குப் போன் போட்டாள். "கோளாறு இல்லை கோகிலா" என்றார் அவர். "எண்ணெயை எடுத்துட்டுப் படிக்க வெச்சா, பத்துல ஏழு பிள்ளைக்கு அது இதைத்தான் சொல்றது. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லு, அவ்வளவுதான் இந்தத் தடவை நான் சொல்லிக் குடுத்தேன். டாக்டர் உட்கார்ந்து பேசட்டும், அவங்க எழுதறதுதான் முடிவு. விதியை மாத்தியாச்சு."

ஃபைல் மூடவில்லை என்று தெரிந்ததும் திருமூர்த்தி வாய்விட்டுச் சிரித்தார். "தெனமும் பாக்கறவனைக் கேளுங்கன்னுதானுங்க நான் மொதல் நாளே சொன்னேன்!"

வியாழக்கிழமை டாக்டர் மெஹருன்னிசா கோயம்புத்தூரிலிருந்து வந்தார். அவசரமே இல்லாத மனுஷி. திருமூர்த்தி முக்கால் மணி நேரம் பேசினார், அவரும் முக்கால் மணி நேரம் கேட்டார். எஸ்தர் டீச்சர் நோட்டைப் பிரித்து வாசித்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும், "நான் இவளை நெறையத் திட்டியிருக்கேன் டாக்டர், அதையும் எழுதிக்கோங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டாக்டர் ஆதினி பக்கம் திரும்பினார். "இவங்கெல்லாம் சொல்லிட்டாங்க. நீ சொல்லு கண்ணு, கிளாஸ்ல உனக்கு எப்படி இருக்கும்?"

ஆதினி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருமூர்த்தி ஏதோ சொல்ல வாயெடுத்தார். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். எல்லாரும் காத்திருந்தார்கள். ஒரு தென்னை மட்டை எங்கோ விழுந்தது. இரண்டு லாரிகள் போயின.

"எல்லாரும் நான் கவனிக்கறதில்லைன்னு சொல்றாங்க" என்றாள் ஆதினி. "நான் கவனிக்கறேன். டீச்சர் சொல்றது கேக்குது. ஃபேன் சத்தமும் கேக்குது. பக்கத்துல பென்சில் சீவறது, வெளிய மட்டை விழறது, எல்லாமே ஒரே மாதிரி கேக்குது. எதைக் கேக்காம விடறதுன்னுதான் எனக்குத் தெரியலை."

கோகிலவாணி தலையைக் குனிந்துகொண்டாள். பதினோராயிரம் தலைகளைத் தொட்டிருக்கிறாள். அந்தப் பிள்ளைகளில் ஒருவரிடமும் பெயரைத் தவிர வேறு ஒரு வார்த்தை அவள் கேட்டதில்லை.

"அதைச் சொல்லிக் குடுக்க ஆள் இருக்காங்க" என்றார் டாக்டர். "கொஞ்சம் நாளாகும். பரவால்லையா?"

ஆதினி யோசித்து, பரவாயில்லை என்று தலையாட்டினாள். டாக்டர் பேனாவைத் திறந்து, முடிவு என்று போட்டிருந்த கட்டத்தில் அந்தப் பிள்ளை சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அப்படியே எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.